பழகிவிடும் என்று சொல்வதற்கு முன்...

ஏழாம் வகுப்பு அறிவியலில் ‘விசையும் இயக்கமும்’ பாடம். திசைவேகம், முடுக்கம் என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன், ஓடிக் காட்டியும் பார்த்தேன். பாதிப் பிள்ளைகளின் முகத்தில் புரிந்ததற்கான அறிகுறியே இல்லை. எங்கள் பள்ளிக்குத் திறன் வகுப்பறை வந்த புதிது அது. வியாழக்கிழமைதோறும் எங்கள் வகுப்புக்கு முறை. ரோலர் கோஸ்டரின் முன் இருக்கையிலிருந்து எடுத்த காணொலி ஒன்றைப் பதிவிறக்கி வைத்திருந்தேன். மேலே ஏறும்போது வேகம் குறையும், கீழே பாயும்போது கூடும், வளைவில் திசை மாறும். இந்தப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது என்று நினைத்தேன். விளக்கை அணைத்து, சன்னலைச் சாத்திவிட்டுக் காணொலியை ஓடவிட்டேன்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். முதல் வரிசையில் திரைக்கு மிக அருகில் அமர்ந்திருந்த மாணவி கையை உயர்த்தினாள்.

“டீச்சர், தலை கிறுகிறுன்னு வருதுங்க.”

“உட்கார்ந்த இடத்துல படம் பார்க்கறதுக்கு எதுக்குக் கண்ணு தலை சுத்தணும்? நல்லாப் பாரு. பார்க்கப் பார்க்கப் பழகிடும்” என்றேன்.

சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை அவள். நல்லாப் பார்த்தாள். அடுத்த சில நிமிடங்களில் மடியில் இருந்த நோட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். பின் வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவளைக் கைகழுவ அனுப்பிவிட்டு, ‘காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள்’ என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்.

மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டைக் கூட்டும்போதுதான் கண்ணில் பட்டது. அந்த மாணவி அதன்பின் வந்த மூன்று வியாழக்கிழமைகளும் பள்ளிக்கு வரவில்லை. மற்ற நாள்களில் ஒன்றைக்கூட விடவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “வியாழக்கிழமை படம் போடுவீங்கல்லங்க டீச்சர்” என்றாள்.

பாடம் புரிய வேண்டும் என்று நான் போட்ட காணொலி, ஒரு குழந்தையை மூன்று நாள் பள்ளியிலிருந்தே விலக்கிவிட்டது. ‘பழகிடும்’ என்று நான் சொன்னது உண்மையா? உண்மை என்றால் எப்படிப் பழகும், எத்தனை நாளில் பழகும், பழகிவிட்டது என்பதை எதை வைத்துச் சொல்வது? இந்தக் கேள்விகளோடு நான் படித்ததையும், அதன்பின் செய்த இன்னொரு தவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஜப்பானில் ஒரு வகுப்பறை

முதலில் எனக்குக் கிடைத்த செய்தி, ஏறத்தாழ எங்கள் வகுப்பறையையே பெரிதாக்கிக் காட்டியது. 2003-இல் ஜப்பானின் ஷிமானே மாகாணத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் 294 மாணவர்கள் பெரிய திரையில் ஒரு காணொலியைப் பார்த்தார்கள். ஏறத்தாழ 20 நிமிடம். கையில் பிடித்த கேமராவால் எடுத்த, ஆடிக்கொண்டே இருந்த படம். முடிவில் 36 மாணவர்கள் தலைச்சுற்றல், குமட்டலுடன் மருத்துவமனையில் சிகிச்சை பெற வேண்டியதாயிற்று. யாரும் பேருந்தில் ஏறவில்லை, படகில் போகவில்லை. எல்லோரும் பள்ளியில் உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த மாணவர்களிடமே கேட்டறிந்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அசையும் படங்களின் பாதுகாப்பு பற்றி 2005-இல் ஐ.எஸ்.ஓ. நிறுவனம் ஓர் ஒப்பந்த ஆவணத்தை வெளியிட்டது. 2020-இல் இந்தக் குமட்டலைக் குறைப்பதற்கென்றே தனித் தரநிலையும் வந்தது. நான் ‘சாப்பிடாமல் வந்திருப்பாள்’ என்று கடந்துபோன ஒன்றுக்கு, உலகில் தரநிலை எழுதும் அளவுக்கு மதிப்பு இருக்கிறது என்பதே எனக்கு முதல் பாடம்.

கண் ஒன்று சொல்ல, காது ஒன்று சொல்ல...

சேலம் சந்திப்பில் நம் ரயில் நின்றுகொண்டிருக்கும். பக்கத்துத் தண்டவாளத்து ரயில் மெல்ல நகரும். ஒரு கணம் நம் ரயில்தான் பின்னால் போகிறது என்று தோன்றும். உடம்பு அசையாமலே அசைவதாகத் தோன்றும் இந்த உணர்வுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் ‘வெக்‌ஷன்’. தோற்ற அசைவு என்று நாம் சொல்லலாம். பார்வைப் பரப்பின் பெரும்பகுதி ஒரே திசையில் நகர்ந்தால், ‘உலகம் நகராது, நான்தான் நகர்கிறேன்’ என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது.

ஆனால் மூளைக்குச் செய்தி கண்ணிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒவ்வொரு காதின் உட்புறத்திலும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்த அவற்றினுள் ஒரு திரவம். தலை திரும்பும்போது திரவம் சற்றுப் பின்தங்கி, உணர்செல்களின் நுண்மயிர்களை வளைக்கிறது. அவற்றின் அருகிலேயே சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த இரண்டு பைகள். நேர்கோட்டு முடுக்கத்தையும் தலையின் சாய்வையும் அவை தெரிவிக்கின்றன. ரோலர் கோஸ்டர் காணொலி ஓடும்போது கண், “பாய்கிறோம், திரும்புகிறோம்” என்கிறது. காது, “தரையில் உட்கார்ந்திருக்கிறோம்” என்கிறது. இந்த முரண்பாட்டிலிருந்துதான் குமட்டல் தொடங்குகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். ஜேம்ஸ் ரீசன், ஜே. ஜே. பிராண்ட் இருவரும் 1975-இல் எழுதிய நூல் இதை விரிவாக முன்வைத்தது. அவர்கள் சொன்னதில் ஒரு நுட்பம் உண்டு. கண்ணும் காதும் முரண்படுவது மட்டும் காரணம் இல்லை. பழைய அனுபவத்தை வைத்து மூளை எதை எதிர்பார்க்கிறதோ, அதோடு இப்போது வரும் செய்திகள் பொருந்தாமல் போவதே காரணம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டுநருக்கு ஒன்றும் ஆவதில்லை, பின் இருக்கையில் இருப்பவருக்குத்தான் எலுமிச்சம்பழம் தேவைப்படுகிறது. அடுத்த வளைவு எப்போது, எந்தப் பக்கம் என்பது ஓட்டுநரின் மூளைக்கு முன்பே தெரியும்.

காதின் பங்கை உறுதி செய்த சான்று பழையது. 1882-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், காது கேளாத 500-க்கும் மேற்பட்டவர்களிடம் வேகமாகச் சுழன்றால் தலை சுற்றுகிறதா என்று விசாரித்தார். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் தங்களுக்குச் சுற்றுவதே இல்லை என்றார்கள். ஹார்வர்டில் காது கேட்கும் ஏறத்தாழ 200 பேரிடம் கேட்டபோது அப்படிச் சொன்னவர் ஒரே ஒருவர். காட்சியால் வரும் குமட்டலுக்கும் இது பொருந்தும். உட்காதின் சமநிலை உறுப்பு இரு பக்கமும் செயலிழந்தவர்களுக்குத் தோற்ற அசைவு உணர்வு வந்தும் குமட்டல் வரவில்லை என்று 1991-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முரண்படுவதற்கு அங்கே இரண்டாவது குரல் இல்லை.

இதற்கு மாற்றுக் கருத்தும் உண்டு. உடலை நிலையாக வைத்திருக்கும் கட்டுப்பாடு குலைவதே குமட்டலுக்குக் காரணம் என்று ரிச்சியோ, ஸ்டாஃப்ரெகன் இருவரும் 1991-இல் வாதிட்டார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒன்று உண்டு. குமட்டுகிறது என்று சொல்லும் பிள்ளை நடிக்கவில்லை.

புத்தகத்தை ஆட்டுங்கள், தலையை ஆட்டுங்கள்

பழகுதல் என்றால் என்ன என்று பார்க்குமுன் ஒரு சிறு செயல்பாடு. வகுப்பில் தயங்காமல் செய்யலாம், யாருக்கும் குமட்டாது. புத்தகத்தை ஒரு கை தூரத்தில் பிடித்து, தலையை அசைக்காமல் புத்தகத்தை மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஆட்டிப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்துகள் கலங்கிவிடும். பிறகு புத்தகத்தை அசையாமல் பிடித்து, அதே வேகத்தில் தலையை ஆட்டிப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து தெளிவாகத் தெரியும்.

காரணம், தலை ஒரு பக்கம் திரும்பியதுமே உட்காது தரும் செய்தியால் கண் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. நம்மைக் கேட்காமல், நொடியில் நூறில் ஓரிரு பங்கு நேரத்தில் நடக்கும் அனிச்சைச் செயல் இது. இவ்வளவு உறுதியான அனிச்சைச் செயலையும் மாற்ற முடியுமா? 1970-களில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கான்ஷர், மெல்வில் ஜோன்ஸ் இருவரும் சோதித்தார்கள். இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் காட்டும் பட்டகக் கண்ணாடியைச் சிலர் வாரக்கணக்கில் அணிந்தே வாழ்ந்தார்கள். தொடக்கத்தில் தடுமாற்றமும் குமட்டலும் இருந்தன. நாள்கள் செல்லச் செல்ல அந்த அனிச்சைச் செயலின் அளவு சுருங்கி, பின்னர் திசையே மாறத் தொடங்கியது. இருட்டில் அளந்தபோதும் அந்த மாற்றம் தெரிந்தது. அதாவது, அவர்கள் முயன்று சமாளிக்கவில்லை, நரம்பு மண்டலமே கணக்கைத் திருத்தி எழுதியிருந்தது. கண்ணாடியைக் கழற்றியபின் பழைய நிலைக்குத் திரும்பவும் நாள்கள் பிடித்தன. இந்தத் திருத்தத்தில் சிறுமூளைக்கு முக்கியப் பங்கு உண்டு.

ஆக, ‘பழகிடும்’ என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனையில் மாற்றத்தை ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. அளந்தார்கள்.

குமட்டலை எப்படி அளப்பது?

வெப்பநிலைக்கு வெப்பமானி உண்டு. குமட்டலுக்கு அப்படி ஒரு கருவி இல்லை. எனவே ஆய்வகங்களில் முதலில் எல்லோருக்கும் ஒரே மாதிரியான தூண்டலைத் தருகிறார்கள். பல காலமாகப் பயன்பட்டுவரும் கருவி, உட்புறம் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் வரைந்த ஒரு பெரிய உருளை. நடுவே ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்க, உருளை மட்டும் அவரைச் சுற்றிச் சுழலும். நொடிக்கு 60 டிகிரி என்பது வழக்கமான வேகம். அதாவது 6 நொடிக்கு ஒரு சுற்று. சில நொடிகளிலேயே உருளை நின்றுவிட்டது போலவும் தாம் சுழல்வது போலவும் அவருக்குத் தோன்றும். இப்போது தலையில் அணியும் மெய்நிகர் காட்சிக் கருவிகளும் இதற்குப் பயன்படுகின்றன.

அடுத்து, அளவீடு. முதல் வழி, கேட்பது. 1993-இல் கென்னடியும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கக் கடற்படையின் பறத்தல் பயிற்சிக் கருவிகளில் கிடைத்த தரவுகளைக் கொண்டு ஒரு வினாப்பட்டியலை உருவாக்கினார்கள். 16 அறிகுறிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். குமட்டல், கண் சோர்வு, தடுமாற்றம் என்று மூன்று தொகுப்பாக அவற்றைக் கணக்கிடுவார்கள். ஆனால் இது காட்சி முடிந்தபின் நிரப்புவது. இடையில் என்ன நடந்தது என்று தெரியாது. அதற்காகக் கேஷவர்ஸ், ஹெக்ட் இருவரும் 2011-இல் ஓர் எளிய முறையைத் தந்தார்கள். காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே நிமிடத்துக்கு ஒருமுறை, 0 முதல் 20 வரை ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வது. 0 என்றால் ஒன்றுமில்லை, 20 என்றால் தாங்க முடியாத நிலை.

இரண்டாவது வழி, உடலையே கேட்பது. நம் இரைப்பையின் தசைகள் நிமிடத்துக்கு 3 முறை என்ற மின்தாளத்தில் இயங்குகின்றன. வயிற்றுத் தோலின்மேல் மின்முனைகளை ஒட்டி இதைப் பதிவு செய்யலாம். உருளைக்குள் குமட்டல் வருபவர்களிடம் இந்தத் தாளம் நிமிடத்துக்கு 4 முதல் 9 வரை தாறுமாறாக உயர்வதை ஸ்டெர்னும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் காட்டினார்கள். நம் வீட்டு இஞ்சியைக்கூட இப்படித்தான் சோதித்தார்கள். இஞ்சி உட்கொண்டவர்களுக்குச் சுழலும் காட்சியால் வந்த குமட்டலும் இரைப்பையின் தாளக்கேடும் குறைந்ததாக 2003-இல் ஓர் ஆய்வு வெளியானது. நெற்றி வியர்வையைத் தோலின் மின்கடத்தும் திறனால் அளக்கலாம். ஒருவரை விசைத்தட்டின் மேல் நிற்கவைத்து, உடல் எவ்வளவு ஆடுகிறது என்றும் அளக்கலாம்.

எந்த ஒரு வழியும் தனியாகப் போதாது. பயந்தாலும் நெற்றி வியர்க்கும். வெட்கப்பட்டாலும் ஒருவர் எண்ணைக் குறைத்துச் சொல்வார். அதனால்தான் கேட்டதையும் பதிவு செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

அளவீடுகள் சொன்னவை

திரும்பத் திரும்பப் பார்த்தால் குமட்டல் குறைகிறதா? குறைகிறது, ஆனால் நிபந்தனைகளோடு. நமக்குப் பயன்படும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, இடைவெளி. ஸ்டெர்ன் குழுவினர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், உருளைக்குள் அமரும் அமர்வுகளுக்கு இடையே 2 நாள் இடைவெளி இருந்தபோது அறிகுறிகளும் இரைப்பைத் தாளக்கேடும் அமர்வுக்கு அமர்வு குறைந்தன. 4 நாளுக்கு மேல் இடைவெளி விட்டபோது குறையவில்லை. இடையில் மூளை மறந்துவிடுகிறது.

இரண்டு, படி. அமெரிக்காவின் பென்சகோலாவில் மெல்லச் சுழலும் அறை ஒன்றை அமைத்து ஆய்வு செய்தார்கள். 1970-இல் ரீசன், கிரேபீல் இருவரும் அதன் வேகத்தை நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற அளவில் படிப்படியாகக் கூட்டினார்கள். ஒரேயடியாக 10 சுற்று வேகத்தில் அமர்த்தினால் பெரும்பாலோருக்குத் தாங்காது. ஒவ்வொரு படியாக ஏறும்போது உடல் பழகிக்கொண்டே வந்தது. வாந்தி வரும்வரை தள்ளுவது பழக்குதல் ஆகாது. அது அச்சத்தை மட்டுமே கற்றுக்கொடுக்கும்.

மூன்று, ஒன்றுக்குப் பழகினால் எல்லாவற்றுக்கும் பழகியதாகாது. ஒரு வகைக் காட்சிக்குப் பழகிய உடல், வேறு வகைக் காட்சியில் மீண்டும் தடுமாறலாம்.

இவற்றோடு வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயணக் குமட்டல் அரிது. 6, 7 வயதில் தொடங்கி, 9, 10 வயதை ஒட்டி உச்சத்தை அடைந்து, பின்னர் மெல்லக் குறைகிறது. தொடக்க, நடுநிலை வகுப்புகளில் நம்முன் அமர்ந்திருப்பவர்கள் அந்த உச்சத்திலும் அதன் பக்கத்திலும் இருப்பவர்கள். வளர்ந்த நமக்கு ஒன்றும் செய்யாத காணொலி அவர்களையும் ஒன்றும் செய்யாது என்று எண்ணுவதற்கு இடமில்லை.

எண் குறைந்தது, ஆனால்...

இவற்றில் பாதியை மட்டும் படித்துவிட்டு நான் ஒரு வேலை செய்தேன். அந்த மாணவியிடம், “கண்ணு, இனிமே வியாழக்கிழமை தைரியமா வா. விளக்கை அணைக்க மாட்டேன். பின்னால உட்கார்ந்துக்கோ. ஒரே ஒரு நிமிஷம்தான் ஓடற படம். முடிஞ்சதும் எப்படி இருக்குன்னு விரலால காட்டு. ஒண்ணுமில்லைன்னா கையை மூடிக்கோ, ரொம்ப முடியலைன்னா பத்து விரல்” என்றேன். வரத் தொடங்கினாள். முதல் வாரம் ஐந்து விரல். அடுத்த வாரம் நான்கு. பிறகு இரண்டு. நான்காவது வாரம் ஒன்று. குறிப்பேட்டில் வரைபடம் போட்டுப் பார்த்தேன். அழகாகச் சரிந்து இறங்கியது. ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் காட்டினேன்.

அவளுடைய பக்கத்து இருக்கைத் தோழிதான் உண்மையைச் சொன்னாள். “அவ படத்தையே பார்க்கறதில்லைங்க டீச்சர். போர்டுக்குக் கீழ இருக்கற சுவிட்ச் பெட்டியத்தான் பார்த்துட்டு இருக்கா.” கூப்பிட்டு மெதுவாகக் கேட்டேன். “விரல் குறைஞ்சா நீங்க சிரிக்கறீங்கல்லங்க டீச்சர்” என்றாள்.

வாரம் ஒருமுறை என்ற இடைவெளியே எனக்குச் சந்தேகம் தந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் பழகுவதே கடினம். ஆனால் குறையும் எண்ணைப் பார்க்கும் மகிழ்ச்சியில் கேள்வி கேட்க மறந்துவிட்டேன். உட்கார்ந்து யோசித்தபோது, உடல் பழகாமலேயே எண் குறைய மூன்று வழிகள் இருப்பது தெரிந்தது.

முதலாவது, பார்வையை விலக்குதல். தூண்டலே இல்லாதபோது குமட்டல் குறைவதில் வியப்பில்லை. ஆய்வகங்களில் கண் எங்கே பார்க்கிறது என்பதையும் கண்காணிப்பது இதனால்தான்.

இரண்டாவது, கேட்பவர் மகிழ்வதற்காகச் சொல்லுதல். என் சிரிப்பே என் அளவுகோலைக் கோணலாக்கிவிட்டது.

மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்தியது. வராமல் போதல். பத்துப் பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்குகிறோம். முதல் நாள் மிகவும் துன்பப்பட்ட மூன்று பேர் அடுத்த நாள் வரவில்லை. மீதி ஏழு பேரின் சராசரி தானாகவே குறைந்துவிடும். எவர் உடலும் மாறவில்லை, வருகைதான் மாறியது. நல்ல ஆய்வாளர்கள் சராசரியோடு நிற்காமல், இடையில் விலகியவர்கள் எத்தனை பேர் என்பதையும் கட்டாயம் எழுதுவார்கள். அந்த மாணவி வராத மூன்று வியாழக்கிழமைகளில் வகுப்பில் யாருக்காவது முடியவில்லையா என்று கேட்டிருந்தால், ‘யாருக்கும் ஒன்றுமில்லை, எல்லோருக்கும் பழகிவிட்டது’ என்றுதான் என் குறிப்பேடு சொல்லியிருக்கும். அந்தக் கணக்கில் விடுபட்டவள், கணக்கு எவளுக்காகவோ அவளேதான்.

அதன்பின் பிள்ளையைப் பழக்கும் எண்ணத்தை விட்டேன். பாடம் கற்க அவள் குமட்டலுக்குப் பழகத் தேவையில்லை. அளக்க ஆசை இருந்தால் என்னையே அளந்துகொள்ளலாமே என்று தோன்றியது. எனக்கும் பேருந்தில் புத்தகம் படித்தால் தலை சுற்றும். விடுமுறையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரவு உணவுக்கு முன், அதே ரோலர் கோஸ்டர் காணொலியை மடிக்கணினியில் மிக அருகில் வைத்துப் பத்து நிமிடம் பார்த்தேன். நிமிடத்துக்கு ஒருமுறை 0 முதல் 20 வரை ஓர் எண்ணை எழுதினேன். 12-ஐத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும் என்பது எனக்கு நானே வைத்த விதி. முதல் நாள் பத்தாம் நிமிடத்தில் 9. ஆறாம் நாள் 3. நடுவில் ஒரு நாள், சரியாகத் தூங்காததாலோ என்னவோ, 8-க்கு ஏறியது. ஏழாம் நாள் வேறொரு காணொலி. டிரோன் ஒன்று மலைச்சரிவில் பறக்கும் காட்சி. எண் மறுபடி 7. ஒரே ஆளின் கணக்கு இது, இதை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் ஒன்று புரிந்தது. உடல் பழகுவது நேர்கோடாக இறங்குவதில்லை. ஏறி இறங்கித்தான் போகிறது. நான்கு வாரம் அழகாக இறங்கிய அந்தப் பிள்ளையின் கோட்டை நான் நம்பியிருக்கக் கூடாது.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை

இப்போது எங்கள் வகுப்பில் கடைப்பிடிக்கும் சில எளிய வழக்கங்கள் இவை.

காணொலியை முந்தைய நாளே, வகுப்பறைத் திரையிலேயே, மாணவர் அமரும் இடத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிடுகிறேன். கேமரா ஓடுகிறதா, பொருள் ஓடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. நிலையாக நிற்கும் கேமரா முன் வண்டி ஓடினால் சிக்கல் குறைவு. வண்டியில் ஏறிக் கேமராவே ஓடினால் கவனம் தேவை. ‘விசையும் இயக்கமும்’ பாடத்துக்கு இப்போது ரோலர் கோஸ்டரைத் தரையில் நின்று எடுத்த காணொலியைத்தான் காட்டுகிறேன். முடுக்கம் அதில் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

ஓடும் கேமராக் காட்சி தேவைப்பட்டால் ஒன்றிரண்டு நிமிடத்தோடு நிறுத்திக் கலந்துரையாடல். அறையில் வெளிச்சம் இருக்க வேண்டும். திரையைச் சுற்றி அசையாத சுவரும் சன்னலும் கண்ணில் பட்டால் மூளைக்குப் பிடிமானம் கிடைக்கிறது. திரை பார்வையை முழுவதும் அடைத்துக்கொள்ளும் அளவுக்கு அருகில் யாரையும் உட்காரவைப்பதில்லை.

தொடங்குமுன் எல்லோரிடமும் ஒரு வாக்கியம் சொல்கிறேன்: “யாருக்காவது தலை சுத்தினா திரையைப் பார்க்காதீங்க, சன்னல் வழியா தூரத்துல இருக்கற மரத்தைப் பாருங்க. என்கிட்ட கேட்கணும்னு இல்லை.” பார்வையை விலக்குவது ஏமாற்று வேலை இல்லை. நல்ல மருந்து. நான்தான் அதை ஒளிந்து செய்ய வைத்திருந்தேன்.

முடிந்ததும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு விரல் காட்டுகிறார்கள். அடுத்தவர் விரல் தெரியாது, சிரிப்பும் இல்லை. நானும் எந்த எண்ணுக்கும் முகம் மாறாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அன்று வராதவர்கள் யார் என்பதையும் குறித்துக்கொள்கிறேன். தலைச்சுற்றல் உள்ள பிள்ளையை உடனே படிக்கட்டில் இறங்கவோ, விளையாடவோ, மிதிவண்டி ஓட்டவோ விடுவதில்லை. காட்சி நின்றபின்னும் சிலருக்கு வெகுநேரம் தடுமாற்றம் இருக்கும். தலையில் அணியும் மெய்நிகர் கருவிகள் பள்ளிக்கு வந்தால், அவற்றைத் தயாரித்தவர்கள் குறிப்பிடும் வயது வரம்பை முதலில் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. மின்னி மின்னி மறையும் ஒளியால் சிலருக்கு வலிப்பு வரக்கூடும். அது வேறு. நினைவு தப்புதல், கைகால் வெட்டுதல் இருந்தால் உடனே மருத்துவ உதவி வேண்டும். அசையாத பாடப்பக்கத்தைப் பார்த்தாலும் அடிக்கடி தலைவலி என்றால் கண் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

அந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பு. வியாழக்கிழமைகளில் வந்துவிடுகிறாள். சென்ற மாதம் ஓர் ஆவணப்படம் போட்டபோது அவள் சன்னலோரம் திரும்பி மரத்தைப் பார்த்தாள். சிறிது நேரத்தில் தானாகவே திரைக்குத் திரும்பினாள். பழகிவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. நான் அளக்கவில்லை. வகுப்பின் முடிவில் கண்ணை மூடிக்கொண்டு மூன்று விரல் காட்டினாள். அந்த மூன்றை நான் நம்புகிறேன்.